பூவுக்கு நடுவே இரண்டு எழுத்து

காதலியின் அப்பா பழைய தபால்தலை வியாபாரி. முதல் சந்திப்பிலேயே அவன் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஓர் அஞ்சலட்டையை நீட்டினார்.

"ஜப்பானோட ஆரம்பகால ஸ்டாம்பு. முத்திரைகூட அப்படியே இருக்கு பாருங்க தம்பி."

அவன் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளன். ஸ்டாம்பிலிருந்த பூவுக்கு நடுவே, பொடி எழுத்தில் 'போலி' என்றே அந்த மொழியில் அச்சாகியிருந்தது. பாவம், யாரோ இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மனசு நோகக் கூடாதே.

"ரொம்ப அருமை, அங்கிள்."

அவர் அவன் முதுகில் தட்டிச் சிரித்தார்.

"படிச்சிட்டீங்கன்னு முகத்துலயே தெரிஞ்சுது, மாப்பிள்ளை. ஆனா அதை வெளிய சொல்லலை பாருங்க, அதான் எனக்கு வேணும்."

மேசை இழுப்பறையைத் திறந்தார். அதே ஸ்டாம்பு ஒட்டிய கார்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன.

"நாளைக்கு ஒருத்தர் வாங்க வர்றார். மொழி தெரிஞ்ச நீங்க அதே 'ரொம்ப அருமை'யை அவர்கிட்டயும் சொன்னா போதும்."

அவன் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். நல்லவேளை, அவர் மகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று எண்ணிக்கொண்டே வாசலுக்கு வந்தான்.

அங்கே காத்திருந்தவள் ஆசையாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குப் பிடிச்சிடுச்சா? எனக்கு அப்பவே தெரியும். போன தடவை நான் கூட்டிட்டு வந்த ஜப்பானிய மொழி வாத்தியார்தான், போலின்னு பட்டுனு சொல்லிக் காரியத்தையே கெடுத்துட்டார்."

அவன் கையை உருவி, சட்டையில் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கினான்.