ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க

தேவாங்குக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அந்த விஷயம் யாருக்கும் தெரியாமல் ஒரு சைக்கிளை வாங்கிவிட வேண்டும் என்றுதான் கீரியின் கடைக்கு வந்திருந்தது.

“கியர் வெச்சதா, சாதாவா சார்?” கீரி கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டது.

“எப்பவும் ஓட்டுறதுதாங்க,” என்றது தேவாங்கு.

“சீட்டு என்ன உயரம் வைக்கட்டும்?”

“வழக்கமான உயரம்தான்.”

கீரி அதை ஏற இறங்கப் பார்த்தது. சந்தேகம் வந்துவிட்டதோ என்று தேவாங்கு பதறிப்போய், தெரிந்தவர்கள் செய்வதுபோல முன் டயரை இரண்டு விரலால் அமுக்கியது. பெல்லை ஒரு தடவை அடித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டது.

“அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்.”

தேவாங்கு வாசலை எட்டிப் பார்த்தது. எதிர் டீக்கடை பெஞ்சில் நாலு எருமைகள் வேறு வேலையில்லாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

“இன்னிக்குப் பார்த்து முழங்கால் வலிங்க,” என்றது. “நீங்க ஓட்டிக் காட்டுங்களேன், நான் பார்த்துக்கிறேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கீரியின் கை அப்படியே நின்றது. அதுவும் எருமைகளைப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “கடை வெச்ச நாள்லேருந்து எனக்கும் முழங்கால் வலிதான் சார்,” என்றது.

அப்புறம் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து சைக்கிளை வாசல்வரை உருட்டிக்கொண்டு போயின.

“நல்லா உருளுதுங்க,” என்றது தேவாங்கு.

“இதுவரைக்கும் யாரும் குறை சொன்னதில்ல சார்,” என்றது கீரி.