இரண்டாவது ஓட்டு

அவள் மறுபடியும் ஓட்டு இயந்திரத்தின் ‘மொத்தம்’ பொத்தானை அழுத்தினாள்.

பூஜ்யம்.

மணி நாலு. காலை ஏழிலிருந்து இதே கதைதான். பட்டியலில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆற்றுக்குப் பாலம் வரும்வரை ஓட்டுக் கிடையாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. இரண்டு முறை ஜெயித்த எம்.பி. இரண்டு முறையும் பாலம் கட்டித் தருகிறேன் என்றார். கொஞ்சமும் கூசாமல் இந்த முறையும் நிற்கிறார். இயந்திரத்தில் மூன்றாவது பொத்தான்.

மை பாட்டிலை இன்னும் திறக்கவே இல்லை.

அவள்தான் இந்தச் சாவடியின் தலைமை அலுவலர். மற்ற நாட்களில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் டீச்சர். தேர்தல் பணிச் சான்று கைப்பையில் இருந்தது. அதைக் காட்டி அவளும் இங்கேயே ஓட்டுப் போடலாம். கூட வந்த மூவரும் தபாலில் போட்டுவிட்டார்கள். ஊரே ஒதுங்கி நிற்கும்போது தான் மட்டும் போய் அழுத்த அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நாலரைக்கு ஒரு பெண் வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

பாவாயி. வயது ஐம்பத்து நான்கு.

ஊர்க்கட்டுப்பாட்டை மீறி வந்திருக்கிறீர்களே என்று மை வைத்தவர் கேட்டார்.

“போன மழையில எம் மவளுக்கு வலி வந்துச்சுங்க. ஆத்தத் தாண்ட முடியல. புள்ளையப் பெத்துப் போட்டுட்டு அவ போயிட்டா. ஊரு வேணும்னா வாய மூடிக்கிட்டு இருக்கட்டும். நான் இதுல சொல்லாம வேற எங்க போய்ச் சொல்றது?”

பிறகு தலைமை அலுவலர் பக்கம் திரும்பினாள். யாருக்குப் போட்டேன் என்று வெளியே தெரிந்துவிடுமா என்று கேட்டாள். அதைக் கேட்கும்போது மட்டும் குரல் இறங்கியிருந்தது.

“யாருக்கும் தெரியாதும்மா. ரகசியம்.”

வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற வரி. யோசிக்காமலே வந்துவிட்டது.

மறைப்புக்குப் பின்னால் பாவாயி பொத்தானை அழுத்த, இயந்திரத்திலிருந்து நீளமாக ஒரு சத்தம் வந்தது. பாவாயி வெளியே வந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

வாசலில் நின்ற போலீஸ்காரர் பக்கத்து ஸ்டேஷன்காரர். காலையிலிருந்து பேச ஆள் கிடைக்காதவர். அவராகவே சொல்ல ஆரம்பித்தார். பாவாயியின் மருமகன் அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறான். குழந்தை அவனிடம் இருக்கிறது. தோட்டத்து முதலாளி எம்.பி.க்கு வலது கை மாதிரி. பாவாயியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் உள்ளே விடுகிறார்கள், பேத்தியைத் தூக்க. எம்.பி.க்கு எதிராகப் போட்டாள் என்று தெரிந்தால் அந்த ஞாயிறும் போய்விடும் என்றார்.

அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

‘மொத்தம்’ பொத்தானை அழுத்தினாள்.

ஒன்று.

எண்ணிக்கை அன்று ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக வாசிப்பார்கள். இந்தச் சாவடியில் ஒரே ஒரு ஓட்டு. அது யாருக்கு விழுந்தது என்று தாளில் இருக்கும். போட்டது யார் என்று விரலில் இருக்கும்.

பாவி, என்ன காரியம் செய்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாவாயி கேட்டாளே. வாயைத் திறந்து கேட்டாளே.

இன்னும் நாலு பேர் வந்தால் போதும். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாய் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பையைத் திறந்து சான்றை எடுத்தாள். விரலில் மை வைத்தார்கள்.

மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஐந்தாவது பொத்தான்தான் என்று மாதக்கணக்கில் நினைத்து வைத்திருந்தாள். அதை அழுத்தினால் பாவாயிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாவதில் ஒரு ஓட்டாவது இருந்தால்தான், அது நான் போட்டது என்று பாவாயி முதலாளி முன்னால் நின்று சொல்ல முடியும். பேத்தியைத் தூக்க முடியும்.

ஆனால் செத்துப்போனவளுக்காக விழுந்தது ஒரு ஓட்டு. இது அதற்கு எதிராக ஒன்று. பாவாயி இங்கே சொல்லிவிட்டுப் போனது கழிந்துபோகும்.

அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றை அழுத்தினாள்.

பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது. ஏழு நொடி. எம்.பி.யின் பெயர் தெளிவாக இருந்தது.

பிறகு அது அறுந்து, உள்ளே கிடந்த பாவாயியின் சீட்டின்மேல் விழுந்தது.