முட்டை குடித்த கார்

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, உள்ளேயிருந்து அத்தை கூப்பிடுவதற்குள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே மகளுக்குச் சொல்கிறேன் இந்தக் கதையை.

ஒரு வீட்டு வாசலில் கப்பல் மாதிரி ஒரு பழைய கார் நின்றது. பணக்காரர்கள் கை மாறி மாறி வந்த கார். ஓடினால் புலிதான், ஆனால் பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். அந்த வீட்டுக் கோழி இடுகிற முட்டையெல்லாம் விற்றுத்தான் வீட்டுக்காரர் அதற்கு ஊற்றுவார்.

ஒருநாள் கோழி, உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே போய், பின்சீட்டில் முட்டை சேர்க்க ஆரம்பித்தது.

"பெரியவரே, நான் இட்டதெல்லாம் உங்க வயித்துக்குள்ளதான் போச்சு. இந்த ஒரு தடவை குஞ்சு பாத்துக்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கே போன வண்டிம்மா நான். என்னை நம்பலாம்," என்றது கார்.

பேசாமல்தான் இருந்தது. கோழி அடைக்கு உட்கார வேண்டிய அன்று, தெருவில் ஒரு புதுக் கார் வழுக்கிக்கொண்டு போனது. பழைய காருக்கும் ஓட ஆசை வந்து, பெட்ரோல் தாகம் எடுத்தது. ஒரே ஒரு தடவை என்று ஹாரனை அடித்துவிட்டது.

வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"அடேயப்பா, உன் பெட்ரோலை நீயே சேத்து வச்சிருக்கியா!"

சிரித்துக்கொண்டே முட்டைகளை அள்ளிக்கொண்டு கடைக்குப் போனார்.

சாயங்காலம் கார் குடித்தது, உறுமியது, தெருமுனை வரை போய் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

கார் மெதுவாகக் கோழியைக் கேட்டது: "நாளைக்கும் இடுவேல்ல?"

"இடாம இருக்க எனக்குத் தெரியாதே பெரியவரே. ஆனா இனிமே அதை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பேன்னு உங்ககிட்ட..." என்று கோழி... இதோ வந்துட்டேன் அத்தை, பாலை இறக்கி...