காட்சிமுனைக் குரங்குகள்

மலையுச்சியில் காற்றாலை வரப்போகிறது என்றதும் காட்சிமுனைக் குரங்குகள் கொதித்துப் போயின. காற்றாலையின் இறக்கையை ஏற்றிய லாரி வந்த அன்று, கொண்டை ஊசி வளைவில் கூட்டமாக உட்கார்ந்து மறித்தன.

லாரி நின்றது. வெள்ளை இறக்கை பின்னால் நீண்டு போய்க்கொண்டே இருந்தது. அதன் நுனி கீழே டீக்கடையையும் தாண்டிக் கிடந்தது.

"யம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்றது செவலைக் குரங்கு.

தலைவன் மொட்டைவால் பல்லைக் காட்டியது. "திரும்பிப் போயிடு. எங்க மலையோட அழகைக் கெடுக்க விடமாட்டோம்."

இறக்கை குரங்குகளின் தலைக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மெல்லக் கேட்டது:

"அருவி மேல வானவில் நிக்குதே, தினமும் நிக்குமா?"

"எந்த வானவில்?" என்றது மொட்டைவால்.

பிறந்ததிலிருந்து அவை அங்கேதான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வருகிறவர்களின் கையிலிருக்கும் வேர்க்கடலையைப் பார்த்தபடி.

மொட்டைவால் திரும்பியது. பிறகு எல்லாக் குரங்குகளும் திரும்பின. பள்ளம் முழுக்கப் பச்சை. மேகம் அவற்றின் காலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அருவியின் மேல் ஏழு நிறமும் நின்றது.

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கடலைப் பொட்டலத்தைப் பிரித்து ஓரமாக வீசினார். கடலை சிதறி உருண்டது. ஒரு குரங்கும் அசையவில்லை.

"அண்ணே, வழி விட்டுடலாமா?" என்று செவலை கிசுகிசுத்தது.

"இரு," என்றது மொட்டைவால். "இன்னும் பார்த்து முடியல."