மொறுமொறு

“ஆயம்மா! என்ன அநியாயம் இது?”

பெரிய மிஸ் போட்ட சத்தத்தில் மழலையர் வகுப்பே மெல்லுவதை நிறுத்தியது.

பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு பேர் கையிலும் சிப்ஸ் பாக்கெட்!

அதுவும் இன்றைக்கா? பிள்ளைகளுக்கான ‘நல்ல தீனித் திட்டம்’ எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்த அதிகாரி அம்மாள், முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த வருடமும் திட்டம் உண்டு.

திட்டம் தொடங்கிய முதல் வாரம், டப்பாவில் வந்த கேரட்டும் வெள்ளரிக்காயும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பின. பெரிய மிஸ் சுவரில் படம் ஒட்டினார். பாட்டுக் கட்டினார். கேரட் மாதிரி தொப்பிகூடப் போட்டுக்கொண்டார். ஒரு பிள்ளை பயந்து அழுததுதான் மிச்சம்.

இரண்டாம் வாரத்திலிருந்து டப்பாக்கள் துடைத்த மாதிரி காலி. எல்லாம் தொப்பியின் மகிமை என்று பூரித்துப்போனார். தீனி நேரத்துக்கு வகுப்பை ஆயம்மாவிடம் விட்டுவிட்டு, நிம்மதியாகத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

இப்போதல்லவா குட்டு வெளிப்படுகிறது!

“வீட்டுலேர்ந்து வர்றதையெல்லாம் குப்பையில கொட்டிட்டு இதைத்தான் குடுத்துட்டு இருந்தீங்களா? நாளையிலேர்ந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்!”

முன்னால் உட்கார்ந்திருந்த சின்னக்குட்டி தன் பாக்கெட்டை நீட்டினாள்.

“பெரிய மிஸ், மொறுமொறு வேணுமா?”

அதிகாரி குனிந்து பாக்கெட்டுக்குள் கையை விட்டார். வட்ட வட்டமாக நறுக்கிய கேரட் வந்தது.

அடுத்த பாக்கெட்டில் வெள்ளரி. அதற்கடுத்ததில் ஆப்பிள்.

“டப்பாவுல குடுத்தா தொட மாட்டேங்குதுங்க மேடம்,” என்றாள் ஆயம்மா. “இதுல போட்டு, மொறுமொறுன்னு பேரு வெச்சுக் குடுத்தா அடிச்சுப் பிடிச்சுத் தின்னுதுங்க. நொறுங்கத் தின்னா நூறு வயசுதானே? பாக்கெட்டெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினது.”

அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அது சரி, இத்தனை காலி பாக்கெட் உங்களுக்கு ஏது?”

ஆயம்மா பெரிய மிஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் தின்னதுதான் மேடம். இந்த வயசுலயும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.”

“அப்போ முதல்ல உங்களைத்தான் இந்த வகுப்புல சேர்க்கணும்!” என்று கிண்டலடித்துவிட்டு, நல்லபடியாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார் அதிகாரி.

வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்த பெரிய மிஸ், ஆயம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க ஆயம்மா. இனிமே சத்தியமா நான்…”

ஆயம்மா பதறிப்போய்க் குறுக்கிட்டாள்.

“ஐயோ மிஸ், சத்தியம் கித்தியம் பண்ணித் தொலைச்சிடாதீங்க! அடுத்த வாரம் புதுசா மூணு பிள்ளைங்க சேருதுங்க. உங்க ரூம் குப்பைக்கூடையை நம்பித்தானே நான் இருக்கேன்!”