பேரனுக்கு ஒரு பின்பால் மிஷின்

"லீவுக்கு வர்றப்ப எல்லாம் ரெடியா இருக்கணும். என் பேரன் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்று கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தார் மாமனார்.

ஹாலில் மெக்கானிக் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தான். பட்டனைத் தட்டி இரும்புக் குண்டை ஓடவிட்டு விளையாடும் புத்தம்புது பின்பால் மிஷின், பீரோவைப் படுக்கப்போட்டது போல நீளம். மருமகளும் அவள் கணவனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க, நான்கு கால்களையும் முடுக்கிவிட்டு, சாய்வு இருக்கிறதா என்று அதன் கண்ணாடி மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். பையன் எத்தனை முட்டு முட்டினாலும் அசையாது என்று தைரியம் வேறு சொன்னான். கணவன் தலையாட்டிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டான்.

முட்டுவதற்குத்தான் பையன் இல்லை. மாமனார் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில் மூளைக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. சொன்னால் பெரியவரின் இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையனை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டோம் என்று பூசி மெழுகினார்கள். ஒருநாள்கூட அவனை ஃபோனில் கூப்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. பாவம், முழுசாக நம்பிவிட்டார் என்று இருவருக்கும் நிம்மதி.

அதற்குப் பிறகுதான் இந்த மிஷின் பைத்தியம் பிடித்தது. பேரனுக்கு வாங்கியே ஆகவேண்டும் என்று படுத்த படுக்கையிலேயே ஒற்றைக்காலில் நின்றார். மறுத்தால் குட்டு உடைந்துவிடும். இல்லாத பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கும்படி ஆகிவிட்டதே என்று அவள் நொந்துகொண்டாள்.

சத்தம் எவ்வளவு வைக்கட்டும் என்று மெக்கானிக் கேட்டான். உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார், குறைத்தே வையுங்கள் என்றாள்.

"முழுசா வைப்பா" என்றார் மாமனார் உள்ளிருந்து. "கதவைச் சாத்திக்கிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது."

மெக்கானிக் கிளம்பியதும், சும்மா போட்டால் மிஷின் கெட்டுவிடும், தினமும் கொஞ்ச நேரம் நீ ஆடு என்று அவளுக்கு உத்தரவும் போட்டார். தட்ட முடியாமல் அவரது அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து பட்டனை அழுத்தினாள். இரும்புக் குண்டு மணிகளில் மோதி மோதி ஓட, வீடே அதிர்ந்தது. பிள்ளை இருந்திருந்தால் எப்படிக் கத்தியிருப்பான் என்று நினைத்ததுதான் தாமதம், கண்ணீர் கொட்டியது. வழக்கம்போலத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, ஒரு விசும்பல்கூட வெளியே வராமல் அழுது முடித்தாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாத்திரையோடு அவர் அறைக்குப் போனாள். மிஷின் பிரமாதம் மாமா, பேரன் பார்த்தால் துள்ளிக் குதிப்பான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் மாத்திரையை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய கண்களையே பார்த்தார்.

"உனக்காகத்தாம்மா அதை வாங்கினேன். அந்தச் சத்தத்துலயாவது வாய்விட்டு அழக் கூடாதா?"