மூன்றாவது பதில்

பார்மசி கலந்தாய்வில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள்தான். ஏன் இந்தப் படிப்பு என்று மேசைமேல் இருக்கும் உண்மையறியும் கருவி கேட்கும். உண்மையைச் சொன்னால் பச்சை விளக்கு எரிந்து இடம் கிடைக்கும், பொய்யென்றால் சிவப்பு.

"மக்களுக்குச் சேவை செய்ய," என்றாள் இதழினி. சிவப்பு.

"மருந்து ஆராய்ச்சியில ஆர்வம்." மறுபடியும் சிவப்பு.

பக்கத்தில் அமர்ந்திருந்த அப்பா செல்லமுத்து அவள் தோளைத் தொட்டார். மனைவி இறந்த பிறகு அவருக்கு மகளைத் தவிர யாருமில்லை. "பயப்படாத கண்ணு. நம்மூர்லயே மருந்துக்கடை வைக்கணும்னு சொல்லுவியே, அதையே சொல்லு."

அதுவும் பொய் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "அப்பா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்களேன்," என்று கெஞ்சினாள்.

"பெத்தவங்க கூட இருக்கணும்மா, அதுதான் விதி," என்றார் அதிகாரி.

மூன்றாவது பதிலுக்குக் கருவி தந்த நேரத்தில் பத்து விநாடிகளே மிச்சமிருந்தன. அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: "இதப் படிச்சா வெளிநாட்டுல வேலை கிடைக்கும். நான் இங்கிருந்து போகணும். திரும்பி வரமாட்டேன்."

பச்சை எரிந்தது.

அதிகாரி நீட்டிய படிவத்தைச் செல்லமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெற்றோருக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"அங்க தனியா இருந்துக்குவியா கண்ணு?" என்று கேட்டார்.